பழைய மென்பொருளா, புதிய பதிப்பா? புந்தோங் அச்சுக்கடை கற்பித்த பாடம்

புந்தோங் என்றதும் ஈப்போவாசிகளுக்குக் கச்சாங் பூத்தேதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து வருவது தைப்பூசம். சுங்கை பாரி சாலையிலிருந்து கல்லுமலைக் கோயிலை நோக்கிக் காவடிகள் புறப்படும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் புந்தோங்கில் வளர்ந்த எனக்கு அவ்வூரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் இன்னொன்று உண்டு. அது அச்சுமையின் வாசனை. திருமண அழைப்பிதழ், காதணி விழா அட்டை, கருமக்கிரியை அறிவிப்பு, கோயில் திருவிழாத் துண்டறிக்கை என நம் மக்களின் நல்லது கெட்டது அனைத்தும் தமிழில் அச்சேறிய சின்னஞ்சிறு கடை ஒன்று எங்கள் வீட்டிற்குப் பக்கத்தில் இருக்கிறது.

என் சித்தி மகன் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு அந்தக் கடையில் வேலைக்குச் சேர நினைத்தான். ஓவியத்தில் ஆர்வமுள்ளவன், வடிவமைப்புத் துறையில் கால் பதிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். முதல் நாள் கடையைப் பார்த்துவிட்டு வந்தவன் முகம் வாடியிருந்தது. "அக்கா, அங்கே இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுது. பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப் 7. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி வந்தது எல்லாம். செத்துப்போன சாஃப்ட்வேரையா நான் படிக்கணும்?" என்று கேட்டான்.

மறுபக்கம், பட்டணத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் புத்தம்புதிய மென்பொருள்களைக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்திருந்தது. கட்டணமோ சித்தியின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். கடையில் கற்றால் கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். பயிற்சி நிலையத்தில் கற்றால் கையிலிருக்கும் காசு போகும். எதைத் தேர்ந்தெடுப்பது?

மொழிக் கழக ஆண்டிதழின் பக்க வடிவமைப்பில் எனக்கும் கொஞ்சம் பழக்கமுண்டு என்பதால் என்னிடம் வந்தான். உடனே பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தும் கடைக்காரரிடம் பேசியும் நான் அறிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். இதே கேள்வியோடு நிற்கும் தம்பி தங்கைகள் நம்மில் பலர் வீட்டிலும் இருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கடைக்காரர் ஏன் மாறவில்லை?

முதலில் எனக்குத் தோன்றியது, அவர் சோம்பல்பட்டு மாறாமல் இருக்கிறார் என்பதுதான். அது தவறான எண்ணம் என்பதை ஒரு மணி நேரப் பேச்சிலேயே உணர்ந்தேன்.

பேஜ்மேக்கர் 1985ஆம் ஆண்டு ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள். 1994இல் ஆல்டஸ் நிறுவனம் அடோபியோடு இணைந்தது. 1999இல் அடோபி இன்டிசைன் எனும் புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டு வந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்பே பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. 2004இல் அதன் மேம்பாட்டுப் பணி நிறுத்தப்பட்டது. அப்படியென்றால், ஆங்கிலத்தில் வேலை செய்த கடைகள் எல்லாம் அப்போதே இன்டிசைனுக்குத் தாவிவிட, தமிழ்க் கடைகள் மட்டும் ஏன் தயங்கின?

விடை நம் எழுத்திலேயே இருக்கிறது.

பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்குள் 256 இருக்கைகள் மட்டுமே உண்டு. நம் 247 எழுத்துகளையும் அவற்றில் அப்படியே உட்கார வைக்க முடியாது. எனவே எழுத்துரு செய்தவர்கள் தமிழ் எழுத்துகளைத் துண்டுகளாக்கி, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்த்தினார்கள். எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'அ' இருக்கும். 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மாதான் தெரிவாள். ஆனால் கணினியின் நினைவில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று. தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம்.

இந்த ஏமாற்று வேலையில் ஒரு பெரிய வசதி இருந்தது. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கில எழுத்தைப் போடத் தெரிந்த எந்த மென்பொருளும் தமிழையும் போட்டது. அதனால்தான் 1990களில் நம் நாட்டிலும் தமிழகத்திலும் ஈழத்திலும் தமிழ் அச்சுத்தொழில் அவ்வளவு வேகமாகக் கணினிக்கு மாறியது.

ஒருங்குறி என்று நாம் அழைக்கும் யூனிகோடின் வழி வேறு. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே 'அ' என்றால் எந்தக் கணினியிலும் எந்த எழுத்துருவிலும் 'அ'தான். ஆனால் ஒருங்குறி எழுத்துகளை நாம் ஒலிக்கும் முறைப்படி சேமிக்கிறது. 'கொ' என்பதில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. திரையில் காட்டும்போதோ ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கவேண்டும். இப்படிக் கொம்பை இடம் மாற்றிக் கோத்துத் தருவதற்கு மென்பொருளுக்குள்ளேயே ஒரு பொறி இருக்க வேண்டும். விண்டோஸ் இயங்குதளம் 2000ஆம் ஆண்டிலேயே அத்தகைய ஆற்றலைப் பெற்றுவிட்டது. ஆனால் போட்டோஷாப்பும் இன்டிசைனும் விண்டோஸின் பொறியை நம்பாமல் தத்தம் சொந்தப் பொறியைப் பயன்படுத்தின. அந்தப் பொறிக்கு வெகுகாலம் தமிழ் தெரியவில்லை. ஒருங்குறித் தமிழை அவற்றில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும்.

இன்டிசைனில் இந்நிலை மாறத் தொடங்கியது 2008இல், சி.எஸ்.4 பதிப்பில். அதில்கூட இந்திய மொழிகளைக் கோக்கும் பொறி உள்ளே ஒளிந்திருந்ததே தவிர, பயனருக்கு வெளிப்படையான பொத்தான் எதுவும் இல்லை. 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கான ஆதரவு முறையாக அறிவிக்கப்பட்டது. ஆக, 2001 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குத் தமிழ்க் கடைக்காரர்களுக்குப் 'புதிய பதிப்பு' என்பது தமிழைச் சிதைக்கும் பதிப்பாகவே இருந்தது. அவர்கள் மாறாமல் இருந்தது பிடிவாதத்தால் அல்ல, அனுபவத்தால்.

கடைக்காரர் இன்னொரு காரணமும் சொன்னார். "தம்பி கல்யாணத்துக்கு அட்டை அடிக்க வர்றவங்க, அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்னு கேட்பாங்க. பழைய கோப்பைத் திறந்து பேரையும் தேதியையும் மாத்தினா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்." இருபதாண்டு உழைப்பில் சேர்ந்த மாதிரிகள் அவை. மேலும், அலங்கார எழுத்துருக்கள் பல இன்றளவும் ஒருங்குறி வடிவில் வெளிவரவில்லை. இவற்றையெல்லாம் ஒரே நாளில் தூக்கிப் போடச் சொல்வது நியாயமாகாது.

மாறாமல் இருப்பதன் விலை

இருப்பினும், மாறாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது கடையின் கணக்குப் புத்தகத்தில் தெரியாது.

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் தாளில் எழுதிக் கொண்டு வந்து கொடுப்பார்கள். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கைப்பேசியில் தட்டச்சு செய்த தமிழ் முழுவதும் ஒருங்குறி. அதை நகலெடுத்துப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகளே வந்து நிற்கும். எனவே கடையில் இருப்பவர் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும். மறுபடியும் தட்டச்சு செய்தால் மறுபடியும் பிழை வரும். எங்கள் உறவினர் வீட்டுத் திருமணத்தில் மணமகளின் தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. வேறொரு கடையில் அடித்த அட்டை அது. முந்நூறு அட்டைகளையும் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வோர் அட்டையிலும் நீல மைப் பேனாவால் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனுப்பிய செய்தியில் பெயர் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது விலை எங்கள் கழகத்திற்கே நேர்ந்தது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த எங்கள் இதழிலிருந்து சில சிறுகதைகளை மறுபதிப்புச் செய்ய விரும்பினோம். குறுவட்டு கிடைத்தது. உள்ளே பேஜ்மேக்கர் கோப்புகள். எங்களில் எவருடைய மடிக்கணினியிலும் அவை திறக்கவில்லை. இன்டிசைன் சி.எஸ்.6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் 2013இல் தொடங்கிய சந்தா முறைப் பதிப்புகள் திறப்பதில்லை. கடைசியில் லிப்ரே ஆபிஸ் எனும் இலவச மென்பொருளின் 'டிரா' பகுதி கைகொடுத்தது. பக்கம் தெரிந்தது, படம் தெரிந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கிலக் குப்பை. எந்த எழுத்துருவில் செய்தார்கள் என்ற குறிப்பு எங்கும் இல்லை. குறிப்பு எழுதி வைக்காதது எங்கள் கழகத்தின் தவறுதான். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு மூத்த மாணவரின் பழைய கணினியில் அந்த எழுத்துருவைக் கண்டெடுத்தோம். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளின் உதவியோடு ஒருங்குறிக்கு மாற்றினோம். அங்கே இன்னொரு சிக்கல். கதைகளில் வந்த மலாய், ஆங்கிலச் சொற்களையும் மாற்றி 'தமிழாக' எண்ணிக் குழப்பியது. தமிழே ஆங்கில இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும்போது எது வேடம், எது உண்மை என்று அதற்கு எப்படித் தெரியும்? தகுதரம் எனப்படும் டிஸ்கி முறையில் இத்தொல்லை இல்லை; அதில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளைத் தொடாமல், மேல்பாதி இருக்கைகளில் மட்டும் தமிழை வைத்தார்கள். எங்கள் கோப்போ தகுதரம் அல்ல. அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்த, மூன்று வார இறுதி நாள்களைச் செலவிட்டோம். இரண்டு கதைகளுக்கு அச்சுப் பிரதியும் கிடைக்கவில்லை; குறுவட்டிலிருந்த கோப்பும் பழுதாகியிருந்தது. அவற்றை எழுதியவர்களிடம் கேட்டோம். அவர்களிடமும் படி இல்லை.

இருபது ஆண்டுகள்தாம். ஓலைச்சுவடி நூற்றாண்டுகள் தாங்கியது. நம் குறுவட்டு இருபதாண்டைத் தாண்டவில்லை.

இரண்டு மாற்றங்கள், ஒன்றல்ல

இந்த அனுபவத்திலிருந்து நான் புரிந்துகொண்ட முக்கியமான செய்தி இதுதான். 'பழையதா, புதியதா' என்று நாம் கேட்கும்போது இரண்டு வேறு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று கருவியின் பதிப்பு. மற்றொன்று நாம் சேமிக்கும் தமிழின் வடிவம்.

இன்றைக்கும் புதிய இன்டிசைனை வைத்துக்கொண்டு பழைய பாமினி வகை எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யும் கடைகள் உண்டு. அவர்களின் கருவி புதியது, தமிழ் பழையது. நாளை அவர்களுடைய கோப்புகளுக்கும் எங்கள் குறுவட்டின் கதிதான். மறுபுறம், பழைய கணினியில்கூட ஒருங்குறியில் தட்டச்சு செய்து சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்தவர்களின் படைப்புகள் இன்று எந்தக் கைப்பேசியிலும் திறக்கின்றன. ஆகவே கருவியை மாற்றுவதில் அவசரம் தேவையில்லை. எழுத்தின் வடிவத்தை மாற்றுவதில் தாமதம் கூடாது.

இதில் நம் நாட்டுக்குப் பெருமையான பங்கும் உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், கைப்பேசிக்கான செல்லினமும், மேக் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துருவும் தமிழைக் கணினிக்குள் கொண்டு சென்ற முன்னோடி முயற்சிகள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. எழுத்தைப் பொறுத்தவரை எது நிலையான வழி என்ற விவாதம் முடிந்துவிட்டது.

எது நிலைக்கும், எது போகும்?

இனிக் கருவிக்கு வருவோம். பழைய பதிப்பில் கற்றவை எல்லாம் வீணா? இல்லை.

போட்டோஷாப்பில் அடுக்குகள் 1994இல் வந்த 3ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டன. அடுக்குகளைப் பிரித்து வேலை செய்யும் ஒழுக்கத்தைப் போட்டோஷாப் 7இல் கற்றவர் இன்றைய பதிப்பிலும் அதே முறையில்தான் வேலை செய்வார். வளைகோடு வரையும் பேனாக் கருவி, ஒளியளவைச் சரிசெய்யும் வளைவுகள், அச்சுக்கான நான்கு வண்ண முறை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள், வெட்டும் ஓரத்திற்கு அப்பால் 3 மில்லிமீட்டர் படத்தை நீட்டிவைப்பது, தலைப்புக்கும் பத்திக்கும் தனித்தனி நடை வகுப்பது ஆகியவை பதிப்பெண்ணோடு மாறுவதில்லை. காகிதத்தின் எடை, மையின் இயல்பு, வெட்டும் இயந்திரத்தின் பிசகு போன்றவற்றை எந்த மென்பொருளும் கற்றுத் தராது. கடைதான் கற்றுத் தரும்.

மாறுபவை எவை? பட்டியலில் பொத்தான் இருக்கும் இடம், குறுக்கு விசைகள், கோப்பு வடிவம், உரிமம். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பதிப்பு மாறும்போது திணறுகிறார்கள். ஃபிளாஷ் நல்ல எடுத்துக்காட்டு. 2000களில் அசைவூட்டம் என்றாலே ஃபிளாஷ்தான். 2005இல் மேக்ரோமீடியாவோடு சேர்ந்து அதுவும் அடோபியின் கைக்கு வந்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷ் இயக்கிக்கு விடை கொடுக்கப்பட்டது. 'இந்தப் பொத்தானை அழுத்து' என்று கற்றவர்களின் அறிவு அன்றோடு காலாவதியானது. ஓர் உருவம் எப்படி நகர்ந்தால் உயிருள்ளதாகத் தெரியும் என்று கற்றவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறி இன்றும் அதே தொழிலில் இருக்கிறார்கள்.

கோப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுவாகப் புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். பழைய பதிப்பு புதிய கோப்பைத் திறக்காது. புதிய இன்டிசைனில் செய்த கோப்பைப் பழைய பதிப்புக்காரரிடம் கொடுக்க வேண்டுமென்றால் ஐ.டி.எம்.எல். வடிவில் சேமிக்கலாம், சி.எஸ்.4 முதல் அதைத் திறக்க முடியும். அச்சகத்திற்குக் கொடுப்பதாக இருந்தால் பி.டி.எஃப். போதும். எனவே நம்மோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்பதும் முடிவில் பங்கு வகிக்கிறது.

பணமும் உரிமமும்

அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது. ஒருமுறை வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ளக்கூடிய கடைசித் தொகுப்பு சி.எஸ்.6. சந்தா கட்டும்வரை புதியது கிடைக்கும். நிறுத்தினால் கருவி நம் கையை விட்டுப் போகும். மாதந்தோறும் திருமண அட்டை அடித்து வாழும் சிறு கடைக்கு இது ஒரு சுமையே. அதற்காகப் பழைய பதிப்பே பாதுகாப்பு என்றும் எண்ணிவிட முடியாது. 2012 டிசம்பரில் சி.எஸ்.2 தொகுப்புக்கு உரிமம் உறுதிசெய்யும் வழங்கி நிறுத்தப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2014 ஏப்ரலோடு நின்றன. அத்தகைய கணினியை வைத்திருந்தால் இணையத்தில் இணைக்காமல், பழைய கோப்புகளைத் திறக்கும் சாவியாக மட்டும் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது வழி ஒன்றை நம்மில் பலர் பேசுவதில்லை, ஆனால் செய்கிறோம். திருட்டுப் படி. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது குற்றம். கடை வைத்துத் தொழில் செய்பவருக்கு ஒரு சோதனை நடந்தால் கணினியோடு வருமானமும் போய்விடும். மாணவராக இருக்கும்போது பழகும் பழக்கம் தொழிலுக்கும் தொடர்கிறது.

உண்மையான மூன்றாவது வழி வேறு. கட்டற்ற மென்பொருள்கள் இலவசம், சட்டப்படியும் நம்முடையவை. படங்களைத் திருத்த கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்திற்குக் கிரிட்டா, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். கிம்பும் இங்க்ஸ்கேப்பும் ஒருங்குறித் தமிழை வெகுநாள்களாகவே சரியாகக் கோத்து வருகின்றன. ஸ்கிரைபஸ் பல ஆண்டுகள் தமிழில் தடுமாறியது. 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் அதன் எழுத்துப் பொறி மாற்றி அமைக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் 1.6 நிலைப் பதிப்பாக வெளிவந்தது. இங்கே பாருங்கள்: ஸ்கிரைபஸைப் பொறுத்தவரை தமிழருக்குப் பழைய பதிப்பு உதவாது; புதியதே வேண்டும். பேஜ்மேக்கர் காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே 'புதியது நல்லது', 'பழையது உறுதியானது' என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. ஒவ்வொரு மென்பொருளையும் தமிழை வைத்தே சோதிக்க வேண்டும்.

ஒரு வரிச் சோதனை

சோதனை எளிது. எந்த மென்பொருளைக் கற்கத் தொடங்குவதற்கு முன்பும் கீழ்க்காணும் சொற்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்து அதில் ஒட்டிப் பாருங்கள்:

ஸ்ரீ கோயில் தைப்பூசம் பொங்கல் கௌரி லட்சுமி

கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா? 'ஸ்ரீ' ஒரே எழுத்தாகச் சேர்கிறதா? புள்ளி வட்டங்கள் எங்கும் முளைக்கவில்லையா? பிறகு அப்பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கி, அதிலிருந்து நகலெடுத்து மீண்டும் ஒட்டிப் பாருங்கள். சிதறினால் உடனே கைவிட வேண்டாம். இன்டிசைனில் பத்திக்குரிய பட்டியலில் 'வேர்ல்டு ரெடி' எனத் தொடங்கும் கோப்பானைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். சி.எஸ்.6க்குப் பிந்திய போட்டோஷாப் பதிப்புகள் பலவற்றில் எழுத்து விருப்பங்களுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கிறது. அப்போதும் சிதறினால், அந்த மென்பொருள் எவ்வளவு புதியதாக இருந்தாலும் தமிழ் வேலைக்கு ஆகாது.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

இவற்றையெல்லாம் தொகுத்து என் தம்பிக்கு நான் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது, யாரோடு வேலை செய்யப் போகிறாய்? அவர்களின் கோப்புகளை உன்னால் திறக்க முடியுமா?

இரண்டாவது, ஒருங்குறித் தமிழ் அதில் சரியாக வருகிறதா?

மூன்றாவது, இன்று நீ செய்யும் கோப்பைப் பத்தாண்டு கழித்து வேறு எதிலாவது திறக்க வழியிருக்கிறதா?

நான்காவது, அதற்கான உரிமத்தை உன்னால் நேர்மையாகப் பெற முடியுமா?

ஐந்தாவது, அங்கே நீ கற்கப்போவது பொத்தானா, தொழிலா?

பேஜ்மேக்கர் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கேள்விகளில் தோற்றுவிட்டது. கடையிலிருந்த படியைக் கடைக்காரர் அந்தக் காலத்திலேயே பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், தம்பி தனக்கென்று ஒன்றை வாங்க இன்று வழியில்லை. ஆனால் ஐந்தாவது கேள்வியில் அந்தக் கடை வென்றது. பயிற்சி நிலையம் மற்றவற்றில் வென்றாலும், மூன்று மாதத்தில் ஐந்து மென்பொருள் என்று அவர்கள் போட்டிருந்த பாடத்திட்டத்தில் பொத்தான்களே நிறைந்திருந்தன.

தம்பி கடையிலேயே சேர்ந்தான். பேஜ்மேக்கரைப் பழைய கோப்பைத் திறந்து வேலை முடிக்கும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொள்வது, அதில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்று அவனே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டான். வீட்டில் இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் பழகினான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காதணி விழா அழைப்பை மறுபடி தட்டச்சு செய்யாமல், அப்படியே ஒட்டி, இருபது நிமிடத்தில் முடித்துக் காட்டியபோது கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் ஒரு பெட்டி குறுவட்டுகளைக் கொண்டு வந்து அவன் மேசைமேல் வைத்திருக்கிறார். கோயில் திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் கலைந்து போவதற்கு முன் அங்கே நடந்த கடைசித் திருவிழாவின் நன்கொடையாளர் பட்டியல்.

"இதையெல்லாம் நீ சொல்ற அந்தத் தமிழுக்கு மாத்த முடியுமா? இதுல என் அப்பா பேரும் இருக்கு," என்று கேட்டாராம்.

வேலை ஓய்ந்த நேரங்களில் அதைத்தான் அவன் இப்போது செய்துகொண்டிருக்கிறான். பேஜ்மேக்கரைக் கற்காமல் இருந்திருந்தால் அந்தக் கோப்புகளைத் திறக்கவே அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒருங்குறியைக் கற்காமல் இருந்திருந்தால் திறந்தும் பயனில்லை.

நிறைவாக

பழையன கழிவதையும் புதியன புகுவதையும் குற்றமென்று கொள்ளாத இலக்கண மரபு நம்முடையது. ஆனால் கழியும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளாமல் விட்டால், அது கழிதல் அல்ல, இழத்தல்.

மாணவர்களாகிய நாம் நம் கழகத்திலிருந்தே தொடங்கலாம். இந்த ஆண்டிதழ் முதல் ஒவ்வோர் இதழையும் மூன்று வடிவில் சேமிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அச்சுக்குப் போன பி.டி.எஃப்., வடிவமைப்புக் கோப்பு, ஒருங்குறியில் அமைந்த வெறும் எழுத்துக் கோப்பு. அவற்றோடு எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி வைப்போம். ஒரு படி கழகத்தில் இருக்கட்டும். ஒரு படி நூலகத்திற்குச் செல்லட்டும். அதைச் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் இக்கட்டுரையைத் திறக்கப்போகும் தம்பியோ தங்கையோ, அன்றைக்கு என்ன மென்பொருள் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. எழுத்துகள் மட்டும் சிதறாமல் அவர் முன் நிற்க வேண்டும்.